அத்திமரத்தில் ஐந்து துளை

எங்கள் ஊரில் ஒருவனுக்கு எவ்வளவு மரியாதை என்பது அவன் வீட்டு ஜன்னலில் எவ்வளவு தண்ணீர் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சிட்னிக்காரனுக்குப் பெண்டாட்டி, பிள்ளை, கடவுள் எல்லாம் அப்புறம்தான். பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் மேல் எக்கி நின்றால் துறைமுகத்தின் நீலமோ துறைமுகப் பாலத்தின் வளைவோ ஒரு கீற்று தெரியும் என்றால் போதும். வந்த விருந்தாளியைத் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் அங்கே நிறுத்தி, அவன் கழுத்தைத் திருப்பிக் காட்டாமல் விடமாட்டான்.

இது ஒன்றும் பரம்பரைப் பைத்தியம் இல்லை. எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் சின்னவனாக இருந்தபோது தண்ணீருக்கு முதுகைக் காட்டித்தான் வீடு கட்டியிருந்தார்கள். எங்கள் பகுதியான ஹாலிஸ் முனையில் இன்றும் பழைய வீடுகளில் கக்கூஸ்தான் கடலைப் பார்த்து நிற்கிறது. கம்பளி மூட்டை நாற்றம், நிலக்கரிப் புகை, எலி, குடித்துவிட்டு விழுந்து கிடக்கும் மாலுமி. கீழே இருந்தது அவ்வளவுதான். பணம் உள்ளவன் மேட்டில் இருந்தான், மூட்டை தூக்குகிறவன் தண்ணீரோரம் கிடந்தான். என் அப்பாவும் மூட்டை தூக்கியவர். கப்பல்கள் வேறு துறைக்குப் போய், புகையும் அடங்கியதும் மேட்டில் இருந்தவர்களுக்குத் திடீரென்று கண் தெரிந்துவிட்டது. இறங்கி வந்தார்கள். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் காணாமல் போனார்கள்.

ஊரின் தொடக்கமே இந்த லட்சணம்தான். இங்கிலாந்திலிருந்து முதல் கப்பல்களில் வந்தவர்கள் இந்தக் குடாவில் இறங்கியதே குடிக்க நல்ல ஓடை ஒன்று இருந்ததால். நாற்பது வருஷத்துக்குள் அதில் பன்றிகளை விட்டுச் சாக்கடையாக்கினார்கள். பிறகு மூடிப் புதைத்தார்கள். இன்று நடைபாதையில் 'இதன் கீழே ஓடை ஓடுகிறது' என்று தகடு பதித்து அதைப் படமெடுக்கிறார்கள். கொன்றுவிட்டுத் தகடு பதிப்பது எங்கள் ஊர்க் குணம்.

கைதிகளை இறக்கிய ஊர் இது என்பது உலகத்துக்கே தெரியும். என் பாட்டனார் காலத்தில் அது வாயில் வராத வார்த்தை. குடும்பத்தில் கைதி ஒருவன் இருந்தான் என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும். இப்போது தலைகீழ். மூதாதை ஒரு கைதி என்று சான்றிதழ் வாங்கிக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் மாடியில் இருக்கும் குவெண்டா பிரவுஸின் முப்பாட்டி சரிகைத் துணி திருடியவள். கீழே இருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஆல்பன் கீயோவின் முப்பாட்டன் இரண்டு பாலாடைக் கட்டி திருடியவன். யார் வீட்டுத் திருடன் பெரியவன் என்று இருவருக்கும் போட்டி. இருநூறு வருஷம் ஆறிய திருட்டு என்றால் அலங்காரம். சூடாக இருக்கும் திருட்டை மட்டும் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

எங்கள் கட்டடம் மூன்று மாடி, செங்கல், ஆறு ஃபிளாட். மேலே குவெண்டாவும் பல் டாக்டர் ஹேமிஷ் ஃபிரூவும். நடுவில் நானும் ஓர் இளம் தம்பதியும். அந்த இருவருக்கும் என்ன வேலை என்று எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் புரிவதில்லை. தரைத்தளத்தில் கீயோ, அவருக்கு எதிரில் செஃபினா. செஃபினாவின் ஃபிளாட்டும் குவெண்டாவுக்குச் சொந்தம்தான். கட்டடத்தில் செஃபினா மட்டுமே வாடகைக்கு இருந்தாள்.

செஃபினா சமோவாக்காரி, நாற்பத்து நான்கு வயது. நான் படகுத்துறைப் பட்டறையில் இன்ஜின் வேலை பார்த்தபோது என்னிடம் உதவியாளாகச் சேர்ந்தவள். நான் ஓய்வுபெற்றபோது என் கருவிகளையெல்லாம் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். இன்று அங்கே அவள்தான் மேஸ்திரி. விடியுமுன் முதல் படகு கிளம்பும் நேரத்தில் பட்டறையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தால்தான் அந்த வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த ஃபிளாட்டை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டிய இருட்டு வீடு. அதனால்தான் அவள் சம்பளத்துக்குள் வாடகை அடங்கியது.

இருட்டுக்குக் காரணம் அத்திமரம். கட்டடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில், நகரசபையின் சின்னப் பூங்காவில் நின்றது. நூற்றைம்பது வயது இருக்கும் என்பார்கள். ராத்திரி பழந்தின்னி வௌவால், பகலில் கொண்டை வைத்த வெள்ளைக் கிளிகள் என்று ஒரே கூச்சல். எங்கள் ஐந்து வீடுகளுக்கும் தண்ணீரை அங்கங்கே மறைத்தது. செஃபினா வீட்டுக்கு முழுசாக மறைத்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்து அதன் வேர்களுக்கு நடுவே படுத்துத் தூங்கியவள் அவள் ஒருத்திதான்.

மார்ச் மாதம் இலை மஞ்சளானது. ஏப்ரலில் கொட்டியது. மே மாதம் நகரசபை மர நிபுணர் வந்து வேர்ப்பக்கம் மண்டியிட்டுப் பார்த்தார். மண்ணும் மெழுகும் வைத்து அடைத்திருந்த துளைகளைச் சுரண்டி எடுத்தார். மொத்தம் ஐந்து. ஐந்திலும் களைக்கொல்லி. எல்லாம் ஒரே அளவு, ஒரே டிரில் பிட் போட்டுத் துளைத்தது, ஆகவே ஒரே ஆளின் வேலை என்று அவர் சொன்னபோது சுற்றி நின்ற நாங்கள் ஐந்து வீட்டாரும் அடப்பாவி என்பதுபோலத் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன். அதில் ஒரு துளை நான் போட்டது.

ஆமாம், நான்தான். ஜனவரியில் ஊரின் பிறந்தநாள் விழா அன்று, துறைமுகத்தில் எல்லாப் படகும் சங்கு ஊதிக்கொண்டிருந்த மதிய நேரத்தில், சத்தம் கேட்காது என்று பார்த்துப் போட்டேன். ஒரே ஒரு துளை. அந்த மரத்துக்கு ஒரு துளை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். மற்ற நான்கைப் பற்றிக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. எந்த அயோக்கியன் நான்கு போட்டிருப்பான் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மற்றவர்களும் அதே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

ஜூனில் நகரசபை தன் வழக்கமான தண்டனையைக் கொடுத்தது. கிளைகளை வெட்டிவிட்டு, அடிமரத்தைச் சுற்றி நான்கு இரும்புக் கம்பம் நட்டு, மூன்று மாடி உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறத் திரை கட்டியது. 'இங்கே ஒரு மரம் நஞ்சு வைத்துக் கொல்லப்பட்டது. தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது. மரமாவது இலைக்கு நடுவே தண்ணீரைக் காட்டும். திரை ஒரு சொட்டுக்கூடக் காட்டவில்லை. குற்றவாளி அகப்படும்வரை திரை நிற்கும், அகப்பட்டால் அவிழ்த்துவிட்டு ஒரு கன்று நடுவோம் என்றார்கள். முழங்கால் உயரக் கன்று. அது மறைக்கிற அளவு வளர நாற்பது வருஷம் ஆகும்.

அப்புறம் எங்கள் கட்டடம் இழவு வீடு ஆனது. குவெண்டா சாப்பிடவில்லை. பல் டாக்டர் படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் முறைத்தார். இளம் தம்பதி வீட்டை விற்கலாமா என்று கேட்டு, எழுத்து தெரிகிற வீட்டை எவன் வாங்குவான் என்று தரகர் சொன்னதாக அழுதார்கள். ஜூலையில் நகரசபை ஆள் வந்து, இந்தக் கட்டடத்தில் யாரிடமாவது டிரில் மெஷின் இருக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் செஃபினா என்றார்கள். அவளும் ஒளிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். பிட் துளையில் கச்சிதமாகப் பொருந்தியது.

அந்த வாரமே சனிக்கிழமை மத்தியானம் குவெண்டா வீட்டில் உரிமையாளர் கூட்டம். நான் செயலாளர் என்பதால் நோட்டுடன் போனேன். செஃபினாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஒயின், பாலாடைக் கட்டி, ஆலிவ் எல்லாம் இருந்தது. குவெண்டா எழுந்து, நாம் கூடியிருக்கும் இந்த மண்ணின் முதல் மக்களுக்கும் அவர்களின் மூத்தோருக்கும் மரியாதை செலுத்துகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். எங்கள் ஊரில் எந்தக் கூட்டமும் இப்படித்தான் தொடங்கும். மண்ணை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை, மரியாதையை மட்டும் தவறாமல் செலுத்துவோம். பிறகு உட்கார்ந்து, தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை செஃபினாவின் பக்கம் நகர்த்தினாள். 'மரத்தைக் கொன்றது செஃபினாவாகிய நான்தான்' என்று அதில் இருந்தது. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

அபராதத்தை நாங்கள் ஐந்து வீட்டாரும் பார்த்துக்கொள்கிறோம், உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றாள் குவெண்டா. எப்படியும் மெஷின் உன்னுடையது, வழக்கு உன்மேல்தான் வரப்போகிறது, முன்னாலேயே ஒத்துக்கொண்டால் கௌரவம் என்று கீயோ விளக்கினார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நேர்மை சொல்லிக் கொடுத்த குரல் அது.

"யோசிச்சுப் பாரு கண்ணு," என்றாள் குவெண்டா. "உன் வீட்டுக்குத் திரை இருந்தா என்ன, போனா என்ன. நாங்கதான் சாகறோம். குத்தகை வேற ஆகஸ்ட்ல முடியுது. நமக்குள்ள மனஸ்தாபம் வேண்டாம்னுதான் பாக்கறேன்."

செஃபினா அந்தக் காகிதத்தைத் தொடவில்லை.

"மெஷின் என்னோடதுதான்," என்றாள். "இந்தக் கட்டடத்துல வேற யார்கிட்டயும் ஒரு சுத்தியல்கூடக் கெடையாது. அதனாலதான் எல்லாரும் என்கிட்ட வந்தீங்க. குவெண்டா, நீங்க நிலைக்கண்ணாடி மாட்டணும்னு வாங்கிட்டுப் போனீங்க. சார், நீங்க முப்பாட்டன் சான்றிதழுக்கு ஆணி இறங்கலன்னீங்க. டாக்டர் வந்தப்போ, தினமும் பல்லுல ஓட்டை போடறவர் வீட்ல மெஷின் இல்லையான்னு கேட்டு நானே சிரிச்சேன். நீங்க ரெண்டு பேரும் சைக்கிள் மாட்டற கொக்கிக்குன்னீங்க. அந்தக் கொக்கி எங்கன்னு நான் இதுவரைக்கும் பாக்கல."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், நீங்க எதுக்குன்னு சொல்லவே இல்ல. நானும் கேக்கல."

அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஐந்து துளை, ஐந்து வீடு. கூட்டல் எல்லோருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் ஒவ்வொரு முகத்திலும் ஒரு நிம்மதி. நான் ஐந்தில் ஒரு பங்குதானே என்ற நிம்மதி. கீயோதான் முதலில் தொண்டையைச் செருமினார். மெஷின் வாங்கியது குற்றமா, இதெல்லாம் ஆதாரமில்லாத பேச்சு, பதிவு செய்ய வேண்டியதில்லை என்றார். கை தூக்கச் சொன்னார்கள். காகிதத்தில் செஃபினா ஒரு வாரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் குத்தகை புதுப்பிக்கப்படாது என்ற தீர்மானத்துக்கு, தம்பதிக்குச் சேர்த்து ஒன்று என, நான்கு கை உயர்ந்தது. நான் தூக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருப்பதுபோல் குனிந்துகொண்டேன். தைரியம் என்று அதை அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'வாடகைதாரரின் கருத்து கேட்கப்பட்டது' என்று எழுதினேன். சீ.

புதன்கிழமை செஃபினா என் கதவைத் தட்டினாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு வேண்டியது ஒரு நற்சான்றுக் கடிதம்.

"கையெழுத்துப் போடப் போறதில்ல அங்கிள். எப்படியும் வெளிய அனுப்பிருவாங்க. வேற வீடு பாக்கணும்ல? பத்தொன்பது வருஷமா தெரிஞ்ச ஆள் எழுதினா நல்லாருக்கும்னு தரகர் சொன்னாரு. நாலு வரி போதும்."

அவளை உட்கார வைத்துவிட்டு மேஜைக்குப் போனேன். செஃபினா நாணயமானவர், நம்பத் தகுந்தவர் என்று ஒரு வரி எழுதினேன். அதன் கீழே என் பெயரைப் போட வேண்டும். மெர்வின் கோல்ட்ரிக். என்ன தகுதியில் போடுவது? பேனா அப்படியே நின்றது. நாளைக்குத் தருகிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு படகேறி நகரசபைக்குப் போனேன்.

அங்கே ஒரு சின்னப் பெண் இருந்தாள். மரத்தில் துளை போட்டவன் நான் என்றேன். அவள் திரையில் ஐந்து படங்களைக் காட்டி, எது உங்களுடையது என்று கேட்டாள். பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. தெரியவில்லை, ஆனால் நான் போட்டது ஒன்றுதான் என்றேன்.

"அப்போ மத்த நாலு?"

சொல்லியிருக்கலாம். நாலு வீட்டுப் பெயர், ஒரு நிமிஷ வேலை. ஆனால் நான் இந்த ஊர்க்காரன். எங்கள் ஊரில் திருடலாம், குடிக்கலாம், பெண்டாட்டியை விட்டு ஓடலாம். காட்டிக்கொடுக்க மட்டும் கூடாது. காவலாளியிடம் வாய் திறக்காத கைதிகள் போட்டுவிட்டுப் போன சட்டம் அது. தலைமை ஆசிரியர் முதல் நாடோடி வரை எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். அந்தப் பெண்ணின் முன்னால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் ஐந்தையும் என் பெயரில் எழுதிக்கொண்டாள்.

அபராதம் கட்ட இரண்டு வருஷமாக நான் வடக்கே மகளிடம் போகச் சேர்த்து வைத்திருந்த பணம் போனது. பேப்பரில் பெயரும் வந்தது. அதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. செஃபினாவின் மேல் வரவிருந்த வழக்கு போய்விட்டது. தீர்மானமும் தானாக விழுந்தது. கையெழுத்து வாங்க யாருக்கும் இனி அவசியமில்லையே. அவள் வீடு பிழைத்தது என்று நினைத்தேன்.

ஆகஸ்டு முதல் வாரம் திரையை அவிழ்த்தார்கள். அடிமரத்தையும் அறுத்து எடுத்துப் போனார்கள். துறைமுகம் முழுசாக உள்ளே வந்து விழுந்தது. குவெண்டா அன்றைக்கே ஷாம்பேன் உடைத்து எல்லோரையும் மாடிக்கு அழைத்தாள். நான் நுழைந்ததும் கை தட்டினார்கள். பல் டாக்டர் என் தோளில் தட்டி, ஆள் என்றால் நீங்கள்தான் ஆள் என்றார். வாய் திறக்காமல் இருந்தீர்களே, அந்தக் காலத்து மனுஷர் என்றார் கீயோ. அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். உங்கள் கொள்ளுப்பேரன்கள் உங்கள் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டுவார்கள் என்று குவெண்டா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். செஃபினாவை யாரும் அழைக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவள் வாசலில் அட்டைப் பெட்டிகளைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கே போடாமல் வீடு பளீரென்று இருந்தது. அந்த வீட்டை நான் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. எதிர்ச் சுவர் முழுக்கத் தண்ணீரின் அலைச்சல். ஒரு படகு ஜன்னலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது.

என்ன ஆச்சு என்றேன். குவெண்டாவின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். குத்தகையைப் புதுப்பிப்பதில் மகிழ்ச்சி என்று தொடங்கியிருந்தது. இருட்டு வீடாக இருந்த காலத்து வாடகை இனிப் பொருந்தாது என்பதை நீயே ஒத்துக்கொள்வாய், இப்போது இது தண்ணீர் தெரியும் வீடு என்று இருந்தது. புது வாடகை பழையதைப்போல இரண்டரை மடங்கு. பட்டறையில் அவள் வாங்கும் முழுச் சம்பளமும் அதற்குக் காணாது.

மேற்கே, கடலிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, அவள் அக்காள் வீட்டில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. அங்கிருந்து முதல் படகுக்கு வந்து சேர முடியாது. பட்டறையில் சொல்லிவிட்டாள். பத்தொன்பது வருஷ வேலை, வெள்ளிக்கிழமையோடு சரி.

குவெண்டாவிடம் பேசுகிறேன் என்றேன். எதை வைத்துப் பேசுவது? நகரசபையின் கோப்பில் ஐந்தும் என் பெயரில் மூடப்பட்டுக் கிடக்கிறது. நான்கு வீட்டாரும் கையைக் கழுவிக்கொள்ளத் தண்ணீர் ஊற்றியவன் நானே. அவர்களைக் காட்டிக்கொடுக்காமல் இவளைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கே கேட்காத குரலில் கேட்டேன்.

அவள் ஒரு பெட்டியை ஒட்டுநாடாவால் மூடிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"விடுங்க அங்கிள். ஒண்ணு மட்டும் கேக்கவா? அன்னிக்கிக் கேக்கல. உங்க வீட்லதான் ஏற்கெனவே தண்ணி தெரியுமே. அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

"பாலம் பாதிதான் தெரிஞ்சுது," என்றேன்.

செஃபினா ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இப்போ?"

"முழுசாத் தெரியுது."